நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் வராதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தியானக் குழுவில் நடந்த நாற்காலி விவகாரம்தான். நாற்காலியில் உட்கார்ந்து தியானம் செய்ய வந்த ஓர் அம்மாவைக் கூட உட்காரும் ஒருவர் மட்டம் தட்டிவிட்டார். குழுவில் எழுதாதே, தானாக அடங்கிவிடும் என்றார்கள். சரி, அங்கே எழுதவில்லை.

முழங்கால் வலியோடு பெங்களூரு அல்சூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அந்த அம்மாவிடம், அத்தனை பேர் முன்னால், "வீரியம் இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது" என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது? வீரியம், அதாவது தியானத்தில் விடாத ஊக்கம், பற்றிப் பாடம் எடுக்கிறவருக்குப் புத்தரின் சீடர் சோணர் கதை தெரியாதா? ராஜகிருகத்துச் சீதவனத்தில், செல்வத்தில் வளர்ந்த அந்தப் பிக்கு பாதம் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தார். ஒன்றும் கைகூடவில்லை. வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தார். புத்தர் வந்து "இன்னும் நட" என்றா சொன்னார்? நீ வீணை வாசித்தவனாயிற்றே, தந்தியை அதிகம் முறுக்கினால் நாதம் வருமா, தளரவிட்டால் வருமா என்று கேட்டார். முயற்சி மிஞ்சினால் மனம் பரபரக்கும், குறைந்தால் சோம்பும். இரண்டுமே கோளாறு. நம் ஆட்கள் காதில் சோம்பல் மட்டும்தான் விழுகிறது!

"அப்போ எல்லோரும் படுத்துத் தூங்கலாமா?" என்று ஒருவர் வருவார். ஐயா, மனம் மந்தமானால் ஊக்கத்தை வளர்க்கச் சொன்னவரும் அதே புத்தர்தான். பரபரத்தால் அமைதியை வளர்க்கச் சொன்னார். இப்போது எது தேவை என்பது உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும், பக்கத்துப் பாய்க்காரருக்கு அல்ல. வலியைக் கவனிப்பதும் பயிற்சிதானே என்றால், ஆமாம். ஆனால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்லும் கோயங்காவின் விபாசனா தியான முகாம்களிலேயே முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு.

இவர்களுக்கோ கையில் ஸ்மார்ட் வாட்ச், நாள் தவறாத தியானக் கணக்கு, குழுவில் ஸ்க்ரீன்ஷாட். ஆபீஸ் டார்கெட்டைப் பாய்க்கும் தூக்கிவந்துவிட்டு அதற்கு வீரியம் என்று பெயர்.

எனக்கு உறைத்தது கடைசியில் அந்த வீரியக்காரர் சொன்னதுதான். "உங்க தமிழ் ஆளுங்களுக்குக் கோயில், பக்தி போதும், தியானமெல்லாம் புதுசு." புதுசா? என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசப் பண்டிதர் வழியில், அங்கேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்திய தலைமுறை. ஷிஃப்ட் முடிந்து வந்து திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு பஞ்சசீலம், அதாவது பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள், சொல்வார். முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. சோழர் காலத்திலேயே நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் (மடம்) இருந்த சமூகத்திடம் வந்து புதுசு என்கிறார்!

"அவர் நல்ல மனுஷர், ஏதோ வாய் தவறி..." என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: நல்ல மனுஷராகவே இருக்கட்டும். முதலில் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடட்டும்.