போர்ட்டிங்குக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க

யமஹாவோட டூ-ஸ்ட்ரோக் பைக் ஆர்எக்ஸ் 135ஐ டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டு ஓட்டம்) ரெடி பண்ற உங்க கட்டுரை நல்லாருக்கு, ஆனா முதல்ல போர்ட்டிங் (சிலிண்டர்ல இருக்குற போர்ட், அதாவது ஓட்டைகள ராவி மாத்துறது), அப்புறம்தான் சைலன்சர்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. எந்த ஆர்பிஎம்ல பவர் வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (டூ-ஸ்ட்ரோக்குக்கான வயிறு பெருத்த சைலன்சர்), அதோட பொருந்துற மாதிரி எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளிய போற ஓட்டை) உயரம், ரெண்டையும் ஒண்ணா யோசிக்கணும். போர்ட்ட சும்மா மேல ராவிட்டே போனா டாப் எண்ட்ல கத்தும், ஆனா கிளட்ச் விட்டதும் வண்டி தூங்கிரும், 402 மீட்டர் ஓட்டத்துல ஸ்டார்ட்ல விட்டத எங்க போய் பிடிக்கிறது? ராவுன மெட்டல திரும்ப ஒட்டவும் முடியாது.

இன்னொண்ணு, சிலிண்டர் ஹெட்ட மில்லிங் பண்ண (அடிப்பக்கத்த கடைஞ்சு குறைக்க) சொன்னீங்க, ஸ்குவிஷ் கேப் (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்துல அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) பத்தி ஒரு வார்த்தை இல்லையே. பிளக் ஓட்டை வழியா சால்டர் கம்பிய சுவர் ஓரம் வரைக்கும் விட்டு கிக்கர மெதுவா ஒரு சுத்து சுத்தி, நசுங்குன இடத்த வெர்னியர்ல அளந்தா போதும், 1 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா நிம்மதி, ரொம்ப குறைஞ்சா ஹை ஆர்பிஎம்ல பிஸ்டன் ஹெட்ட முத்தம் குடுத்துரும்.

ஜெட்டும் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ முடிவு பண்ற துளை) அப்படித்தான். சேம்பர் மாத்திட்டு பழைய மெயின் ஜெட்டோடயே முறுக்குனேன், லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடி மூணாவது கியர்லயே பிஸ்டன் சீஸ் (இறுகி நின்னுருச்சு), பின் வீல் லாக், நல்லவேளை கிளட்ச்ல விரல் இருந்துச்சு (அன்னைலருந்து எப்பவும் ரெண்டு விரல் அங்கதான்). பெரிய ஜெட்ல ஆரம்பிச்சு, பிளக் கலர பாத்து பாத்து குறைச்சிட்டு வாங்க. ரோட்டுல டெஸ்ட் வேணாம் தம்பிகளா, சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துல டிராக் ரேஸ் நடக்கும்போது போய் பாருங்க.