வீடியோவை ஏற்றிவிட்டால் பாடம் முடிந்ததா?

நேற்று எங்கள் கல்லூரியில் மறுபடியும் அதே சுற்றறிக்கை. ஒவ்வொரு ஆசிரியரும் இரண்டு வாரத்துக்குள் ஓர் ஆன்லைன் பாடம் தயார் செய்து ஏற்ற வேண்டுமாம். ஐம்பது நிமிட வீடியோ இருபது, பிபிடியை அப்படியே பிடிஎஃப் ஆக்கியது, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அவ்வளவுதான். படித்து முடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. வயிறு எரிகிறது.

எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த பதிவுகளை லட்சக்கணக்கில் அலசி, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பார்ப்பது குறைகிறது என்று 2014லேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் இன்னும் மணி அடிக்கும்வரை பேசிப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். பதினான்கு வரிசை அட்டவணையை ஒரே ஸ்லைடில் திணிக்கிறோம். அண்ணன் வேலை முடிந்து வந்த பிறகு அவன் போனை வாங்கிப் பார்க்கிற பெண்ணுக்கு அதில் என்ன தெரியும்?

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் வந்தபோதே நான்கு அங்கம் என்றார்கள்: வீடியோ, வாசிப்பு, தன்னைத்தானே சோதிக்கும் தேர்வு, கலந்துரையாடல். அந்த நாலாவதை இங்கே யாரும் தொடுவதே இல்லை. போன பருவத்தில் எங்கள் ஆன்லைன் புள்ளியியல் பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "திட்ட விலக்கம் கண்டுபிடிக்கும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு ஏன் வகுக்கிறோம்?" எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். எவ்வளவு நல்ல கேள்வி! வகுப்பில் கேட்டிருந்தால் பலகையில் ஐந்து எண்களை எழுதி, மொத்தத்திலிருந்து எடுத்த சில எண்களை, அதாவது மாதிரியை, அதன் சொந்தச் சராசரியிலிருந்து அளந்தால் விலகல் குறைவாகத்தான் தெரியும், அதைச் சரிக்கட்டத்தான் இது என்று காட்டியிருக்கலாம். மூன்று நிமிட வேலை.

பத்தொன்பது நாள் யாரும் பதில் போடவில்லை. பாடம் எடுத்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. அப்புறம் அவளே எழுதியிருந்தாள்: "பரவாயில்லை மேடம், மனப்பாடம் பண்ணிட்டேன்." தற்செயலாகத்தான் அது என் கண்ணில் பட்டது. உட்கார்ந்து பதில் எழுதினேன். அதற்குள் தேர்வே முடிந்திருந்தது.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் விதியே போட்டுவிட்டது. கிட்டத்தட்ட பாதிப் படிப்பு! அதில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறேன். எனக்குக் கால அட்டவணையில் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும். முடியாது என்றால் அந்தப் பாடத்தில் என் பெயரைப் போடாதீர்கள்.