மேடையைக் கையில் வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குக் கேள்வி

சாதி, அரசியல் பற்றியும் பேசுகிற கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். சித்தப்பா முப்பது வருஷமாக மார்கழிக் கச்சேரி கேட்கிறவர். பெரிய வித்வான் செம்மங்குடியிடம் கற்றவர் என்று கிருஷ்ணாவை ஒரு காலத்தில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர், 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி தன் உயரிய விருதான சங்கீத கலாநிதியை அவருக்கு அறிவித்ததும் "இனிமே அவன் பாட்டை இந்த வீட்ல போடாதே" என்று சொல்லிவிட்டார்.

சரி, அது அவர் உரிமை. கலாநிதி விருதுக்குத் தேர்வானவர்தான் அகாடமியின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குவார்; பாடகிகள் ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள், பெரியாரைப் போற்றுகிற ஒருவர் தலைமை தாங்கும் அந்த மாநாட்டில் பங்கேற்க முடியாது என்று விலகியதையும் அப்படித்தான் பார்க்கிறேன். அதுவும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான், சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பாடகர் பாட்டோடு நிற்கவேண்டும் என்று கிருஷ்ணாவுக்குப் புத்தி சொன்னவர்களே இவர்களுக்குக் கைதட்டியதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. கிருஷ்ணா பாட்டை விட்டுவிட்டு அரசியல் பேசவில்லை. சபாவில் யார் உட்கார முடிகிறது, யாரால் வாசல் வரைகூட வர முடிவதில்லை என்று கேட்டார், 2015இலிருந்து டிசம்பர் சீசனில் பாடுவதை நிறுத்தினார், சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து விழா நடத்தினார். மாட்டுத்தோலை வைத்து மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அந்தத் தோல் எந்த மாட்டுடையது, அதை உரிக்கிற கை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதெல்லாம் சங்கீதத்துக்கு வெளியே உள்ள விஷயமா? அவர் பேசுகிற தோரணை சில சமயம் எனக்கே உறுத்தும், அது வேறு.

என் கோபம் மேடை கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறவர்கள் மேல். 2018 நவம்பரில் இந்திய விமான நிலைய ஆணையமும், மாணவர்களிடம் செவ்வியல் கலைகளைக் கொண்டுசெல்லும் ஸ்பிக் மெகே அமைப்பும் டெல்லியில் ஏற்பாடு செய்திருந்த, கிருஷ்ணா பாடவிருந்த நிகழ்ச்சி, இணையத்தில் சிலர் வசைபாடியதும் நின்றுபோனது. அப்புறம் டெல்லி அரசு அவரைக் கூப்பிட்டுப் பாடவைத்தது. 2020இல் அந்த மிருதங்கப் புத்தக வெளியீட்டுக்குத் தந்த அனுமதியைச் சென்னையின் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கிருஷ்ணாவுக்குப் பெயர் இருக்கிறது, மகசேசே விருது இருக்கிறது, ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும். ஆனால் அதே 2018இல் ஏசு பாடல்கள் பாட ஒப்புக்கொண்டதற்காக பாடகர் ஓ.எஸ். அருண் போன்ற மூத்த கலைஞரே வசைக்கு ஆளாகி, அந்தக் கச்சேரி ரத்தானது. அவருக்கே இந்த நிலை என்றால் இப்போதுதான் மேடையேறுகிற இருபது வயதுப் பிள்ளை வாயைத் திறக்குமா?

அதனால்தான் அகாடமியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அவர்கள் சாதி விஷயத்தில் செய்யவேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கலைஞர்கள் ஒவ்வொருவராக விலகியபோதும், சித்ரவீணைக் கலைஞர் ரவிகிரண் முன்பு வாங்கிய தன் கலாநிதி விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தபோதும், இசைத் தகுதியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று தலைவர் என். முரளி உறுதியாக நின்றார். கலாநிதி விருதோடு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் தரும் ரொக்கப் பரிசு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அந்தப் பரிசு பெற்றவர் என்று கிருஷ்ணா தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என இடைக்கால உத்தரவும் வந்தது. கலாநிதி விருது மட்டும் அவரிடமிருந்து போகவில்லை. சீசனை விட்டு விலகியிருந்த அவர் அந்த டிசம்பரில் அகாடமியில் பாடவும் செய்தார்.

சித்தப்பா அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. மறுநாள் வேறொருவர் கச்சேரிக்கு, அதே அரங்கத்துக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.