மனோரமாவைக் காதால் பார்த்தவர்கள் நாங்கள்

மனோரமா பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஆயிரம் படம், கின்னஸ், ஐந்து முதல்வர்களோடு நடித்தது என்று கணக்கில் ஆரம்பிக்கிறார்கள். முடிக்கும்போது ஏதாவது ஒரு அம்மா வேடத்தில் அவர் அழும் காட்சியைப் போட்டு, "என்னமா நடிச்சிருக்காங்க பாருங்க" என்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக மனக்குறை உண்டு. அழ வைத்தால்தான் நடிப்பா? அரை நூற்றாண்டு நம்மைச் சிரிக்க வைத்தாரே, அது எந்தக் கணக்கில் சேரும்?

என் கட்சி இதுதான். ஆச்சியின் உச்சம் அவருடைய நகைச்சுவை வேடங்கள். அந்த நகைச்சுவையில் முக்கால் பங்கு அவருடைய தொண்டையில் இருந்தது.

குடியாத்தம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், முறத்தில் ஈரம் காயாத இலை, ஒரு ஓரத்தில் புகையிலைத் தூள். இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுகிற வரை கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் கட்டு குறையும், கட்டு குறைந்தால் கூலி குறையும். அதனால் காது மட்டும்தான் சும்மா இருக்கும். ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம், அதாவது ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கிப் போடும் நிகழ்ச்சி, ஆரம்பித்தால் திண்ணையில் இருக்கும் அத்தனை பெண்களும் படம் பார்ப்பார்கள், கையை நிறுத்தாமல். முகமே தெரியாத படம்!

ஒலிச்சித்திரத்தில் ஒரு நடிகரின் கதை என்ன என்பது தெரிந்துபோகும். முகத்தைக் கோணி, விழுந்து புரண்டு சிரிப்பு மூட்டுகிறவர்கள் அங்கே காணாமல் போய்விடுவார்கள். மனோரமா போகவே மாட்டார். அவர் வாயைத் திறந்தால் எங்கள் அத்தை இலை வெட்டுகிற கத்தரியை அப்படியே பிடித்துக்கொண்டு சிரிப்பார். இந்தப் பொம்பளை எந்த ஊர்க்காரி, வயசு என்ன, வசதி எப்படி, இப்போது பொய் சொல்கிறாளா மெய் சொல்கிறாளா, எல்லாமே குரலில் வந்துவிடும்.

ஜில் ஜில் ரமாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலை மலையாக ஆட்கள் நிற்கிற படம். அதில் தெற்கத்திப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு ஒருத்தி வருகிறாள். யாராவது பாராட்டினால் உள்ளுக்குள் குளிர்ந்துபோய், நம்பலாமா வேண்டாமா என்று குழைந்து கேட்பாள். அந்தக் குழைவைக் கவனியுங்கள். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் எவ்வளவு குறைவாக மரியாதை கிடைத்திருக்கும் என்பது அதில் தெரியும். நாம் சிரிக்கிறோம், சிரிக்கும்போதே அவள்மேல் பாசம் வந்துவிடுகிறது.

அதே 1968-ல்தான் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் "வா வாத்யாரே" பாட்டை அவரே பாடினார். முந்தைய வருடம் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷுக்கு ஜோடியாகத் தூத்துக்குடிப் பேச்சு. 1986-ல் 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மா. வேலைக்காரக் கண்ணம்மா, கிஷ்முவிடம் போடும் வாய்ச்சண்டையைக் கதை வசன கேசட்டாகப் போட்டு எங்கள் ஊர்த் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் அலற விடுவார்கள். கூட்டமே சேர்ந்து சொல்லும். மூச்சு விடாமல் கொட்டித் தீர்ப்பார், ஆனால் ஒரு எழுத்து மென்று விழுங்கப்பட்டிருக்காது. வேகமாகப் பேசுவது சுலபம். வேகமாகப் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்கும் போய்ச் சேருவது நாடக மேடையில் அடிபட்டு வருவது.

அவர் அங்கிருந்துதான் வந்தார். மன்னார்குடியில் 1937-ல் பிறந்த கோபிசாந்தா. காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதிலேயே மேடை. பாடத் தெரிந்த பிள்ளை என்பதால்தான் அந்த வாசலே திறந்தது. 1958-ல் கண்ணதாசன் தன் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். நடுவில் 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அப்புறம் மறுபடி நகைச்சுவைக்கே வந்தார், வந்ததால்தான் நமக்குக் கிடைத்தார் என்பேன்.

அவருக்கு முன்னாலும் பெரியவர்கள் இருந்தார்கள். 'அறிவாளி' படத்தில் தங்கவேலு பூரி சுடச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை இன்றைக்கும் கேட்கிறோம். டி.பி.முத்துலட்சுமிக்கு அதில் கிட்டத்தட்ட ஒரே வசனம்தான். எதைச் சொன்னாலும் தனக்கு முன்பே தெரியும் என்கிறார். அந்த ஒரு வசனத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு நூலிழை மாற்றிச் சொல்கிறார். ஒரு தடவை பெருமை, ஒரு தடவை அலட்சியம், ஒரு தடவை சமாளிப்பு. கண்ணை மூடிக் கேளுங்கள், தங்கவேலுவின் பொறுமை எந்த இடத்தில் உடையும் என்று உங்களுக்கே தெரியும். இப்படி எழுத்தில் ஒன்றுமே இல்லாத வசனத்தைத் தூக்கி நிறுத்தியவரை நம்மில் எத்தனை பேர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம்? பெரும்பாலும் "தங்கவேலு காமெடி" என்றுதானே சொல்கிறோம்!

இங்கே கூத்து பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காடு, அதாவது இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த மண், தெருக்கூத்து மண். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் எங்கள் பக்கம்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டியக்காரன் சரியில்லை என்றால் கூத்து எடுபடாது. ராஜா திரைக்குப் பின்னால் பாடி முடித்ததும் யார் எவர் என்று விசாரித்து, கிண்டலடித்து, தூங்குகிற ஊரை எழுப்பி, துச்சாதனன் வந்து எல்லோரும் பயந்துகிடக்கும்போது ஒரு சொல்லால் இறுக்கத்தைத் தளர்த்துவது அவன்தான். ராஜா செந்தமிழில் பாடுவார், கட்டியக்காரன் நம்ம "இன்னா, வந்துகினு" பேச்சில் பதில் சொல்வான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கட்டியக்காரனைத் துணை வேடம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூத்தை நடத்தும் வாத்தியாருக்குச் சமமாக வைத்துப் பேசுவார்கள்.

ஆனால் அந்த மேடையில் அப்போது பெண்ணுக்கு இடம் இல்லை. திரௌபதியே ஆண்தான். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு மாமியார் மாதிரியும், கந்து வசூலிக்க வருகிறவர் மாதிரியும் பேசிக் காட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த பெண்கள் எத்தனையோ பேர். முறத்தோடு முடிந்துபோன குரல்கள். பள்ளத்தூர்ப் பிள்ளைக்கு ஒரு நாடகக் கம்பெனி கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிரிக்க வைத்ததை நடிப்புக் கணக்கில் சேர்க்காத கதை கோவை சரளாவுக்கும் நடக்கிறது. 'கரகாட்டக்காரன்' முதல் எத்தனை படம்! 1995-ல் 'சதிலீலாவதி'யில் கமலுக்கு மனைவியாக, கொங்குப் பேச்சில் அவர் கோபத்தையும் சந்தேகத்தையும் அன்பையும் ஒரே மூச்சில் கலந்து பேசியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். உச்சத்தில் கத்திக்கொண்டே போய், திடீரென்று தணிந்த குரலில் ஒரு வார்த்தை போடுவார், தியேட்டர் அங்கேதான் வெடிக்கும். அதற்கெல்லாம் கை தட்டிவிட்டு, 2022-ல் 'செம்பி'யில் மலைவாழ் பாட்டியாக வந்ததும், "அடேங்கப்பா, கோவை சரளாவுக்கு இப்படியெல்லாம் நடிக்க வருமா" என்றார்கள். வராமலா இத்தனை வருடம் நின்றார்? 'செம்பி' நல்ல வேடம், நான் குறை சொல்லவில்லை. அந்த ஆச்சரியம்தான் எனக்கு வலிக்கிறது.

மனோரமாவுக்குத் தேசிய விருது வந்தது 'புதிய பாதை'க்கு, சிறந்த துணை நடிகை என்று. பத்மஸ்ரீ 2002-ல். எல்லாம் சரி, இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜில் ஜில் ரமாமணிக்கு அந்த வருடமே எல்லோரும் எழுந்து நின்றிருக்க வேண்டாமா? நகைச்சுவை என்றதும் ஒரு படி இறக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெண் என்றால் இன்னும் ஒரு படி. அவள் குண்டு, கறுப்பு, பல் எடுப்பு என்று சொல்லிச் சிரிக்க வைக்கும் வசனங்களை எழுதிவிட்டு, அதையும் தன் குரலால் தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு "காமெடி பீஸ்" என்று பட்டம் கொடுக்கிறோம்.

இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி பக்கமெல்லாம் பிள்ளைகள் போனில் நம்ம பேச்சிலேயே வீடியோ போடுகிறார்கள். அம்மா குரல், டீச்சர் குரல், பஸ் கண்டக்டர் குரல் என்று ஒரே பெண் நாலு பேராகப் பேசுகிறாள். கீழே போய்ப் பார்த்தால் "வேற வேலை இல்லையா" என்று உறவுக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால் கூத்துப் பயிற்சி எங்கே நடக்கிறது, நாடகம் எங்கே போடுகிறார்கள், டப்பிங்குக்குக் குரல் எங்கே தேடுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதில் டப்பிங் குரலுக்கே தனிப் பிரிவு இருக்கிறது, அது ஒரு தொழில்தான்.

அப்புறம், டிவி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 10 ஆச்சியின் நினைவு நாள். இந்த வருடமாவது அழுகைக் காட்சியை விட்டுவிட்டு, கண்ணம்மாவின் சண்டையை முழுசாகப் போடுங்கள், நடுவில் வெட்டாமல்.