பில் நீங்களா கட்டுறீங்க?

எங்கள் ஆபீஸில் மதியம் சாப்பிடப் போகும்போது ஒருத்தர்கூட சுவிட்சைத் தொடுவதில்லை. லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஆளில்லாத அறையில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால் "பில் நீங்களா கட்டுறீங்க?" என்கிறார்கள். இதே ஆட்கள்தான் வீட்டில் ரெண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டரை எட்டி எட்டிப் பார்க்கிறவர்கள்! அப்புறம் ஏசியை 18-ல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது என்ன பழக்கம்? ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று அரசே சொல்கிறது, 2020-லிருந்து ஸ்டார் போட்ட புது ஏசிகள் 24-ல்தான் ஆன் ஆகின்றன, அதையும் மெனக்கெட்டுக் குறைக்கிறார்கள். 2012-ல் தமிழ்நாடே மணிக்கணக்கில் இருட்டில் கிடந்ததும், கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததும் அதற்குள் மறந்தேவிட்டதா இவர்களுக்கு?