கதிரையிலேயே இருத்தி வைப்பது பாதுகாப்பு அல்ல

"ஒருமுறை விழுந்த அம்மம்மாவை இனி நடக்க விடாதீங்கோ, கதிரையிலேயே இருக்கட்டும்" என்று மேலே ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அக்கறை புரிகிறது, ஆனால் அது தவறு. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடமாட்டம் குறைந்தால் கால் தசை மெலியும், சமநிலை கெடும், அடுத்த விழுகை இன்னும் கிட்ட வரும். பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வின்படி, வீடுகளில் வசிக்கும் முதியோரிடையே உடற்பயிற்சி விழுகைகளை ஏறத்தாழ 23% குறைக்கிறது. அதில் சமநிலைப் பயிற்சிதான் முக்கியம். கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டுகளில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பேச ஆளில்லாமல் எத்தனை பேர்! அந்தத் தனிமையில் வரும் மனச்சோர்வும் விழும் ஆபத்தைக் கூட்டும். வைத்தியரிடம் காட்டி, கண்ணையும் குடிக்கிற மாத்திரைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பின்னேரம் கையைப் பிடித்துக் கோயில்வரை கூட்டிப் போங்கள். "விழுந்திடுவீங்கள்" என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லிப் பயப்படுத்தாதீர்கள்.