இருக்கையே அசைந்தால் பெல்ட் எதற்கு?

பஸ் இருக்கையின் பெல்ட்டை நான் பிடித்து இழுக்கும் அந்த வீடியோவைப் பற்றி இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஆலய வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சஞ்சீவி மலையைத் தூக்கிப் பறக்கும் அனுமார் படத்தில் அனுமார் முகத்துக்குப் பதில் என் முகம், மலைக்குப் பதில் ஒரு பஸ் இருக்கை. கீழே 'சீட் ஆஞ்சநேயர்' என்று எழுத்து. சிரித்துக் குறி போட்டவர்கள் முப்பத்தொரு பேர். எண்ணிப் பார்த்தேன், ஆமாம், எண்ணினேன். அதில் என் சொந்த மச்சானும் ஒருவர்.

சரி, பேசிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை, பங்குனி உத்திரப் பயணத்துக்கு வாடகைக்குப் பேசிய பஸ்ஸை ஆலய வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "எல்லா இருக்கைக்கும் புதிய பெல்ட், வந்து பாருங்கள்" என்று அழைத்தது நிர்வாகம். நானாகப் போய் மூக்கை நுழைக்கவில்லை. வலப்பக்கம் நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். இடுப்பு பெல்ட்; பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் கொக்கி. மாட்டிக்கொண்டு முன்பக்கமாகச் சாய்ந்தேன். பெல்ட் பிடித்தது. இருக்கை பிடிக்கவில்லை. பின்கால்கள் தரையைவிட்டு இரண்டு விரல்கடை மேலே வந்தன. குனிந்து பார்த்தால் போல்ட், மழைநீர் இறங்கி ஊறிப்போன பிளைவுட் பலகையில் விரலால் தள்ளினாலே சுற்றியது. அப்புறம் எழுந்து நின்று, ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அந்த மூன்று வினாடியைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதற்கு முன் நான் இருபது நிமிடம் நிர்வாகத்திடம் தனியாக, தணிந்த குரலில் பேசியதை யாரும் படம் எடுக்கவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். பெல்ட் என்பது இருக்கையின் உறுப்பு. சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோலப் பிறகு ஒட்டவைக்கும் பொருள் அல்ல. ஆளைப் பெல்ட் பிடிக்கிறது, பெல்ட்டை இருக்கை பிடிக்கிறது, இருக்கையைத் தரை பிடிக்கிறது, தரையை பஸ்ஸின் இரும்புச் சட்டம் பிடிக்கிறது. இதில் ஒரு கை நழுவினால் மற்ற மூன்றும் வீண். அந்த பஸ்ஸில் மூன்றாவது கை இல்லவே இல்லை.

ஆலயத் தலைவர் அப்போது ஒரு வாக்கியம் சொன்னார். "நெற்றியில் பட்டை இருந்தால் போதும் தம்பி, இடுப்பில் பட்டை எதற்கு?" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நானும்கூடச் சிரித்தேன். முருகன் காப்பாற்றுவான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காவடி எடுக்கும்போது அலகு சரியாக மாட்டியிருக்கிறதா, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று நாலு பேர் சோதிக்கிறோமே, அங்கே ஏன் முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை?

நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டிலிருந்து, பகாங்கில் இருக்கும் மாரான் மரத்தாண்டவர் முருகன் சந்நிதி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பங்குனி உத்திரத்துக்கு இரவில் கிளம்பி, கோலாலம்பூர் தாண்டி, காராக் நெடுஞ்சாலையின் ஏற்ற இறக்கத்தில் ஓட்டுநரும் பயணிகளும் கண்ணயரும் நேரத்தில் போக வேண்டும். அந்தச் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் கெந்திங் மலைப்பாதையில்தான் 2013 ஆகஸ்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம் பேராக்கிலேயே, 2025 ஜூனில் கெரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் போனார்கள். அன்று இதே வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. கைகூப்பியவர்களில் எத்தனை பேர் நேற்று அனுமாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

"சட்டப்படி பெல்ட் போட்டாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் பெல்ட் அணிவது கட்டாயம், அணியாத பயணிக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், உண்மைதான். நல்ல சட்டம், நான் கைதட்டுகிறேன். ஆனால் அண்ணே, அபராதம் எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரிவது பெல்ட். விபத்தின் கண்ணுக்குத் தெரிவது போல்ட். நம் பஸ்ஸில் இருப்பது சம்மனுக்குப் பயந்த பெல்ட்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பஸ் எதன்மீதாவது மோதி நின்றால், பெல்ட் போடாத ஆள் முன்னால் பறந்து மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மறுநடவுக்கு வெட்டக் காத்திருக்கும் கிழட்டுச் செம்பனையின் உச்சியிலிருந்து விழுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு அனுமதித்த 90 என்றால் பத்து மாடி. ஆஸ்திரேலியாவில் 1989-ஆம் ஆண்டில் இரண்டே மாத இடைவெளியில் கிராஃப்டன், கெம்ப்சி என்ற இரு ஊர்களருகே நடந்த பஸ் விபத்துகளில் 21 பேரும் 35 பேரும் இறந்தார்கள். அதன்பின் அவர்கள் என்ன செய்தார்கள்? பழைய இருக்கையில் பெல்ட் ஒட்டவில்லை, இருக்கையையே புதிதாக வடிவமைக்கச் சொன்னார்கள். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட் இருக்கையோடு பிறக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் எடையைப்போல் 20 மடங்கு இழுவையை அந்த இருக்கை தாங்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 1200 கிலோ. இருவர் உட்காரும் இருக்கைக்கு 2400. மூன்றரை கஞ்சில் கார்களை அந்த நான்கு கால்களில் கட்டித் தொங்கவிட்டதுபோல. நான் ஒரு கையால் தூக்கிய இருக்கையை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள்.

மூன்று முனைப் பெல்ட்டில் தோள்பட்டை இருக்கை முதுகின் உச்சியிலிருந்து இறங்குகிறது. மோதலின்போது அந்த உச்சியை முன்னால் இழுக்கும் விசை முழுவதும் முதுகுக் குழாய் வழியாகக் கால்களுக்கு இறங்கி, பின்காலைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஆகவே முதுகுக் குழாய் கனமாக வேண்டும், காலுக்கடியில் பிளைவுட் போதாது, சட்டத்தோடு பற்றவைத்த இரும்புத் தண்டவாளம் வேண்டும். பின்னால் பெல்ட் போடாமல் தூங்குகிற ஒருவர் பறந்து வந்து அதே முதுகில் மோதுவார், அதையும் தாங்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் விதி 80 இதைத்தான் சோதிக்கிறது: பின்னிருக்கையில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, 30 முதல் 32 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தி, முன்னிருக்கை அதைத் தாங்கியதா என்று பார்க்கிறார்கள். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் உடல் இடுப்பில் மடங்கி, தலை முன்சீட்டில் அடிக்கும். சேலைக்கொசுவத்துக்கு மேலே, வயிற்றில் கட்டிக்கொண்டால் குடல் நசுங்கும். பஸ் உருண்டால் வெளியே தூக்கி எறியப்படாமல் இடுப்பு பெல்ட்டும் காக்கும், ஒப்புக்கொள்கிறேன். இருக்கை இடத்தில் இருந்தால்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: இந்தக் குஷன் கடையை வைப்பதற்கு முன் பதினோரு வருடம் பஸ் உடல் கட்டும் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. ஒரு முறை விபத்தில் நொறுங்கிய பஸ் ஒன்று மறுபடி கட்டுவதற்காக வந்தது. உள்ளே ஏறினேன். கல்யாணம் முடிந்த மண்டபத்தில் நாற்காலிகளை மடித்து ஒரு மூலையில் சாய்த்துவைப்பார்களே, அப்படி இருக்கைகள் எல்லாம் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினேன். மூன்றாவதன் கால்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பள்ளிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் பூசி வெளுக்க வைத்த காலணி, நாடா இரட்டை முடிச்சோடு அப்படியே. யாருடைய கால் அதிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று நான் யோசிக்கவில்லை, யோசித்தால் வேலை ஓடாது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலுவலக மேசையில் வைத்தேன். மறுநாள் பை அங்கே இல்லை.

பிறகு நடந்ததுதான் இங்கே சொல்ல வேண்டியது. இருக்கைகளைத் திரும்ப மாட்டினோம். பலகையில் போல்ட் பிய்த்துக்கொண்டு வந்த துளைகள் வாய் பிளந்து நின்றன. "பெரிய வாஷர் போடு" என்றார் மேற்பார்வையாளர். ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரிய வாஷர். அதே துளையில், அதே பலகையில், வாஷர் வைத்து நான்தான் முடுக்கினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சோதனையில் தேறி, அந்த பஸ் பல வருடம் ஓடியது. நான் எந்த பஸ்ஸில் ஏறினாலும் உட்காருவதற்கு முன் காலால் இருக்கையை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பது அன்று தொடங்கிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமை செய்ததும் அதையேதான்.

இனி முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: "குஷன் கடைக்காரர் ஆர்டர் பிடிக்கப் பார்க்கிறார்." எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் வீட்டுச் சோபாவுக்கு நான் உறை போட்டு ஒரு வருடம் ஆகிறது, பாக்கி இன்னும் வரவில்லை. அன்பரே, நான் தைப்பது துணி. மூன்று முனைப் பெல்ட் இருக்கை என் தையல் இயந்திரத்தில் முளைக்காது. அதை வடிவமைத்து, மோதவைத்து, சான்றிதழ் பெற்ற தொழிற்சாலையிடம்தான் வாங்க வேண்டும். நானே "செய்து தருகிறேன்" என்று சொன்னால் என்னை முதலில் நீங்கள் செருப்பால் அடியுங்கள்.

தீப்பிடித்தால் பெல்ட்டோடு கருகிவிடுவோம் என்கிறார் இன்னொருவர். கொக்கியை அழுத்தினால் பெல்ட் கழன்றுவிடும் ஐயா. மயங்கிக் கிடப்பவனால்தான் எந்தத் தீயிலிருந்தும் எழுந்து ஓட முடியாது. இதற்கு மேல் நேரம் செலவழிக்க விரும்பவில்லை.

செலவு. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. புதிய பஸ்ஸுக்கு வாடகை அதிகம், தலைக்கு 80 வெள்ளி வசூலித்ததை 120 ஆக்க வேண்டும், ஓய்வூதியம்கூட இல்லாத பாட்டிகளுக்கு அந்த 40 வெள்ளி பெரிய காசு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கணக்கு ஏன் நம்மிடம் வந்தே இடிக்கிறது? 2020-க்குப் பிறகு இருக்கையோடு பெல்ட் வைத்துக் கட்டிய பஸ்கள் நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே ஓடுகின்றன. அதற்கு முந்தியவை, நகரத்துக்குப் போதாதவை, தோட்டப் பட்டணத்துக்கு வருகின்றன. அங்கே கழித்த பஸ்தான் இங்கே தொழிற்சாலை பஸ், அங்கே உதவாத இருக்கைதான் இங்கே திருவிழா பஸ். என் சின்ன வயதில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் போனோம். ரப்பர் பால் டின் ஏற்றும் அதே லாரி. குறுக்கே பலகை, பலகையில் அம்மாக்கள், நடுவில் நாங்கள் நின்றுகொண்டு. மேடு வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார் அப்பா. அன்று அதுதான் கிடைத்தது, நாங்கள் சந்தோஷமாகத்தான் போனோம். அதை நினைத்துத்தான் பலர் "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். ஆகாதவர்கள்தானே இங்கே இருந்து கருத்து எழுத முடியும்?

நம்மை ஏற்றிப்போகிறவன் நம்மை ஆளாகப் பார்க்கிறானா, மூட்டையாகப் பார்க்கிறானா என்பது எனக்கு இருக்கையின் காலில் தெரிந்துவிடுகிறது. மூட்டைக்குக் கயிறு போதும். இதை நான் ஆலய நிர்வாகத்தைக் குறைசொல்லி எழுதவில்லை. அவர்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், பஸ்காரரிடம் நயமாகப் பேசி விலை குறைத்தவர்கள். ஆனால் 'சீட் ஆஞ்சநேயர்' படத்தை அழிக்கச் சொல்லி அவர்களில் ஒருவராவது ஒரு வரி போட்டிருக்கலாம். மச்சானாவது போட்டிருக்கலாம். பெல்ட்டைப் பிடித்து இழுத்த கை இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் அதற்கும் ஒரு படம் வரும்.

எனக்குக் கேட்க இரண்டே விஷயம் இருக்கிறது. ஒன்று, இந்த பஸ் வேண்டாம். 2020-க்குப் பிறகு கட்டிய, மூன்று முனைப் பெல்ட் இருக்கையோடு வந்த பஸ் ஒன்றைப் பிடியுங்கள், கூடும் வாடகையில் 500 வெள்ளி நான் போடுகிறேன், ரசீதில் 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, அது முடியாது என்றால், புறப்படுவதற்கு முந்தின நாள் எந்த இருக்கையையாவது நீங்களே காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். நான் வரவில்லை, வீடியோவும் எடுக்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செயலாளரிடமிருந்து செய்தி வந்தது. பட்டியலில் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அம்மாவின் இடம் அப்படியே இருக்கிறதாம். அம்மா சமையற்கட்டில் பால்குடச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எந்த இருக்கையில் உட்காரட்டும் என்று கேட்டார். வலப்பக்கம் நான்காவது வரிசை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.